முப்பத்தேழு கிரவுண்டு நிலம்

மே 12, திங்கள்

மாவுக்கட்டுப் போட்டு எட்டாவது நாள். தண்ணீர்க் குடத்தோடு என் காலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் வீட்டுக்காரி கெங்கம்மா ஒரு பார்வை பார்க்கிறாள். நியாயம்தான். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் இருபத்திரண்டு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். இறங்குவதற்குப் படி வைத்திருக்கிறார்கள். டீ வந்துவிட்டது என்று குதித்தேன். எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. டீயும் ஆறிப்போனது.

இந்த டைரி பொங்கலுக்கு ஒரு ஷிப்பிங் கம்பெனி கொடுத்தது. நாலு மாதம் இதன் மேல்தான் சோற்றுப் பானையை இறக்கி வைத்தோம். அட்டையில் கறுப்பாக ஒரு வட்டம். வேறு வேலை இல்லாததால் எழுதுகிறேன்.

மகள் மதி ப்ளஸ் டூவில் அறுநூற்றுக்கு 541. பத்தாவதில் நான் வாங்கியதை இங்கே எழுதப் போவதில்லை. யாராவது படித்துத் தொலைத்தால்?

மே 14, புதன்

நான் படுத்துக்கொண்டே வீட்டில் எல்லாவற்றுக்கும் குறை சொல்கிறேனாம். மதி தன் பழைய லேப்டாப்பை என் மடியில் வைத்துவிட்டாள். உள்ளே ஒரு கால்பந்து ஆட்டம். இதில் நாம் பந்தை உதைக்க வேண்டியதில்லை, உதைக்கிறவர்களை மேய்க்க வேண்டும். ஆள் எடுப்பது, யாரை எங்கே நிறுத்துவது, யாரை வெளியே உட்கார வைப்பது – எல்லாம் நாம்தான். யார்டில் சூப்பர்வைசர் செய்கிற வேலை. இவ்வளவு நாள் அவரைத் திட்டியதற்கு இது தண்டனை போலிருக்கிறது.

சொந்தமாக கிளப் உருவாக்கலாம் என்றாள். ‘புளியந்தோப்பு ஸ்டார்ஸ்’. இங்கிலாந்தில் ஏதோ கீழ்வரிசை லீக். கையில் இருக்கிற காசுக்குக் கிடைத்த ஆட்கள் எல்லாருக்கும் முப்பத்துமூன்று, முப்பத்துநாலு வயது. கோல்கீப்பருக்கு முப்பத்தெட்டு. பாவம், எங்கே படியிலிருந்து குதிக்கப் போகிறானோ.

மே 15, வியாழன்

இன்று முக்கியமான நாள். சீசன் தொடங்கும் முன் ஆட்டம் ஒரு கேள்வி கேட்டது: உன் மைதானத்தின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு? குறைந்தது 100க்கு 64 மீட்டர். அதிகபட்சம் 110க்கு 75. போட்டால் போட்டதுதான், சீசன் முடியும்வரை மாற்ற முடியாது.

ஒரு நிமிஷம் கையே ஓடவில்லை. என்னை யாரும் இதுவரை இப்படிக் கேட்டதில்லை. எங்கள் ஹவுசிங் போர்டு வீடு 230 சதுர அடி. மதி படிப்பது பீரோவுக்கும் கதவுக்கும் நடுவே இருக்கும் இரண்டடியில். யாராவது உள்ளே வந்தால் அவள் எழுந்து புத்தகத்தை மூடி வழிவிட வேண்டும். அவளும் அவள் சாமானும் தடுப்பதால் கதவு பாதிதான் திறக்கும். இந்த வீட்டில் இருக்கிறவனிடம் வந்து, உனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்கிறான்!

பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். கிரவுண்டுக்கு 2400 சதுர அடி, பெரிய அளவு என்றால் முப்பத்தேழு கிரவுண்டு நிலம். சின்னது இருபத்தெட்டு சொச்சம். எட்டு கிரவுண்டை எவன் விட்டுக்கொடுப்பான்?

அவசரப்படாமல் மூன்று பேரைக் கேட்டேன். கெங்கம்மா, காசு கூடக் கேட்கிறானா என்றாள். இல்லை என்றேன். அப்புறம் என்ன யோசனை, பெரிசாக எடு என்றாள். பக்கத்து வீட்டு ஆசீர்வாதம் அண்ணன், எவ்வளவு கொடுக்கிறானோ அவ்வளவையும் இப்போதே எழுதி வாங்கு, பின்னால் போனால் அளவு குறைந்துவிடும் என்றார். வீட்டு ஒதுக்கீட்டுக்குப் பதினோரு வருஷம் அலைந்தவர், அனுபவம் பேசுகிறது. மேல் மாடி முப்பிடாதி கிழக்குப் பார்த்ததா என்று மட்டும் விசாரித்தார்.

110க்கு 75 போட்டேன். எங்கள் வீடு மாதிரி முந்நூற்று எண்பத்தாறு வீடு கட்டலாம். மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

மே 16, வெள்ளி

கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜில் மதிக்கு சீட் வந்திருக்கிறது. விவசாயப் படிப்பு, நாலு வருஷம், ஹாஸ்டல், ஸ்காலர்ஷிப். ஜூலை 4க்குள் போய்ச் சேர வேண்டும். ஹாஸ்டல் ஃபாரத்தில் அப்பா கையெழுத்து வேண்டும்.

புளியந்தோப்பில் பிறந்த பெண் எங்கே விவசாயம் பண்ணுவாள்? பெயின்ட் டப்பாவில் ஒரு கற்பூரவல்லி வளர்த்தாள், அதையும் பூனை சாய்த்துவிட்டது. இங்கேயே ராயபுரத்துக்கு பஸ் ஏறினால் எத்தனை காலேஜ்! தூரம் என்றேன். தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றேன். கோயம்புத்தூர் தண்ணீரைப் புளியந்தோப்புக்காரன் குறை சொல்கிறான் – சொல்லும்போதே எனக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவள் விடவில்லை. நானும் விடவில்லை. கடைசியில் வாய்க்கொழுப்பு. முப்பத்தேழு கிரவுண்டு வைத்திருக்கிற திமிர். சொன்னேன்: “என் டீமு இந்த சீசன்ல கீய எறங்காம நின்னுச்சுன்னா நீ இங்கயே பட்சிக்கணும். எறங்கிட்ச்சுன்னா கையெய்த்து போடறேன்.”

இருபது டீமில் கடைசி மூன்று கீழே இறங்கும். மதி கொஞ்ச நேரம் லேப்டாப்பைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். “அப்பால ஜகா வாங்கக் கூடாது நைனா.”

“நீயும்தான்.”

கெங்கம்மா அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்கள் பேசின.

மே 18, ஞாயிறு

சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். 1–5.

மே 20, செவ்வாய்

சொந்த மைதானம். 0–4. அறுபதாவது நிமிஷத்துக்கு மேல் நம் ஆட்கள் நடக்கிறார்கள். காய்கறி வாங்கப் போகிறவர்கள் மாதிரி நடக்கிறார்கள்.

மே 25, ஞாயிறு

ஜஹாங்கீர் பார்க்க வந்தான். யார்டில் கிரேன் ஓட்டுகிறவன், பழைய வண்ணாரப்பேட்டைக்காரன், சின்ன வயதில் வியாசர்பாடி கால்பந்து டீம்களில் ஆடியவன். பிரியாணிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு ஸ்கிரீனைப் பார்த்தான். மைதானத்தின் அளவைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“மாமு, எண்ணூர் ரோட்ல ஒரு டிரெய்லர் குறுக்கால நின்னா இன்னா ஆவும்?”

ஜாம் ஆகும் என்றேன்.

“அதே டிரெய்லர பீச் மணல்ல நிறுத்து. எவனாச்சும் நிப்பானா? சுத்திகினு பூட்டே இருப்பான். உன் ஆளுங்க எல்லாம் பழைய டிரெய்லரு. அதுங்கள மெரினால வுட்டுகீற.”

வயதான டீமுக்குச் சின்ன மைதானம்தான் நல்லதாம். ஓட வேண்டிய தூரம் குறைவு, வழியை அடைத்துக்கொண்டு நிற்கலாம். பெரிசு என்றால் எதிரி ஓரத்திலேயே ஓடிவிடுவான். இதைச் சொல்ல ஒரு ஆள் இத்தனை நாள் கழித்துப் பிரியாணியோடு வர வேண்டியிருக்கிறது.

உடனே மாற்றப் போனேன். அந்த பட்டனே சாம்பல் நிறமாகி, அமுங்காமல் கிடக்கிறது. அடுத்த சீசன்தான். பதினேழாவது இடத்தில் தொடங்கினோம், இப்போது இருபது. இருபத்தொன்று என்று ஒன்று இல்லாததால் அங்கே நிற்கிறோம்.

மே 26, திங்கள்

கேட்டே விட்டேன். பெரிய மைதானம் நம் டீமுக்கு ஆகாது என்று உனக்கு முன்னாலேயே தெரியுமா?

மதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “தெரியும்.”

ஏன் சொல்லவில்லை?

“நீ ஆசீர்வாதம் பெரிப்பாவ கேட்ட, முப்பிடாதி மாமாவ கேட்ட. என்ன கேக்கல நைனா.”

மாவுக்கட்டுக்குள் அரித்தது. ஸ்கேலை விட்டுச் சொறிந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

நடப்பது விசித்திரம். சொந்த மைதானத்தில் அடி வாங்குகிற இதே கிழவர்கள், வெளியூர் போனால் ஜெயிக்கிறார்கள். அந்தக் கிளப்புகளின் மைதானமெல்லாம் சின்னது. அங்கே போனதும் நம் ஆட்கள் சிங்கம். நேற்று 2–0, இன்று 1–0. வீட்டுக்குத் திரும்பினால் மறுபடியும் காய்கறி வாங்கப் போகிறார்கள்.

கெங்கம்மாவிடம் இதைப் பெரிய அதிசயமாகச் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டே, “ஊர வுட்டு போனாதான் உன் ஆளுங்க உருப்பட்றானுங்க” என்றாள்.

ஆட்டத்தைத்தான் சொன்னாள். ஆட்டத்தைத்தானா?

ஜூன் 8, ஞாயிறு

பதினெட்டாவது இடம்.

ஜூன் 16, திங்கள்

கட்டுப் பிரித்தார்கள். கால் வெளுத்துப்போய் யாருடைய காலோ மாதிரி இருக்கிறது. நடக்கப் பழக வேண்டும் என்றார் டாக்டர். எங்கே நடப்பது? பீரோவிலிருந்து அடுப்புவரை நாலு எட்டு. திரும்பினால் நாலு எட்டு. மதி தன் இரண்டடியிலிருந்து எழுந்து எழுந்து வழிவிட்டாள். ஒரு மணி நேரத்தில் பதினாலு தடவை புத்தகத்தை மூடினாள். எண்ணினேன். அவள் முகம் சுளிக்கவில்லை. அதையும் பார்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஜஹாங்கீர் சொன்னபடி, சொந்த மைதானத்தில் எல்லாரையும் நடுவிலேயே குவித்துவிட்டேன். இரண்டு ஓரமும் சும்மா கிடக்கிறது. முப்பத்தேழு கிரவுண்டை வாங்கி அதில் ஒரு மூலையில் குடிசை போட்டு உட்கார்ந்த மாதிரி. அசிங்கமான ஆட்டம். ஆனால் தோற்கவில்லை, 0–0, 0–0, 1–1. பதினேழாவது இடம். அதற்குக் கீழேதான் கோடு.

பிளாக்கில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. முப்பிடாதி என் பக்கம். ஆசீர்வாதம் அண்ணன் மதி பக்கம், ஆனால் நிலத்தை விட்டுக்கொடுக்காதே என்கிறார்.

ஜூன் 29, ஞாயிறு

கடைசி ஆட்டம். சொந்த மைதானம். டிரா போதும்.

எண்பதாவது நிமிஷம்வரை 0–0. எதிரி ஓரமாக ஓடி ஓடி வருகிறான். எண்பத்தேழில் பெனால்டி. அந்த முப்பத்தெட்டு வயதுக் கீப்பர் – குதித்தான். பிடித்துவிட்டான்! நான் கத்திய கத்தலில் மேல் மாடியில் முப்பிடாதியும் கத்தினார். கால் வலி மறந்து எழுந்து நின்றுவிட்டேன்.

0–0. பந்தயத்துல ஜெயிச்சுட்டேன். நாங்க கீய எறங்கல.

திரும்பிப் பார்த்தேன். மதி சிரித்தாள், கை கொடுத்தாள். “சூப்பர் நைனா.” அப்புறம் கோயம்புத்தூர் ஃபாரத்தை நாலாக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துவிட்டு, கோலமாவு டப்பாவைத் தேடுகிறேன் என்று வெளியே போனாள். எங்கள் வீட்டில் கோலமாவு டப்பா கிடையாது.

ஜூன் 30, திங்கள்

மதி ராயபுரம் போய் ஒரு காலேஜில் அப்ளிகேஷன் வாங்கி வந்தாள். சண்டை போடுவாள் என்று பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பேச்சு மாறாத பெண்ணைப் பெற்றவனுக்கு இது ஒரு பேஜார்.

கெங்கம்மா: “பந்தயத்துல ஜெயிச்சிகினியே. சாப்பாடு போடட்டா, மாலை போடட்டா?”

ஜூலை 1, செவ்வாய்

ஆட்டத்தில் புது சீசன். மறுபடியும் அதே கேள்வி. நீளம்? அகலம்? முடியும்வரை மாற்ற முடியாது.

இந்த முறை வேறு யாரையும் கேட்கவில்லை. மதியைக் கூப்பிட்டேன். எது போடலாம்?

அவள் பக்கத்தில் வந்து உட்காரவில்லை, கதவோரத்து இரண்டடியிலிருந்தே சொன்னாள். “ஆளுங்கள பாத்து போடு நைனா. போன தபா உனுக்கு எடம் வோணும்னு போட்ட. ஓடறது அவுங்கதான?”

சின்னதாகப் போட்டேன். 100க்கு 64. லேப்டாப்பை மூடினேன்.

மூடிய பிறகும் அவள் சொன்ன வாக்கியம் மூடவில்லை. தூரம், தண்ணீர், பயம், காலம் கெட்டுக்கிடக்கு – எத்தனை சொன்னேன். ஒண்ணாவது அவளுக்காகச் சொன்னேனா? இவ இல்லாத வூட்ல நான் இன்னா பண்ணுவேன் – அத்த மட்டும் சொல்லல. அதான் நெசம்.

நாலு வருஷம். எந்த காலேஜில் போட்டாலும் நடுவில் மாற்ற முடியாது. பட்டன் சாம்பலாகிவிடும்.

ஜூலை 2, புதன்

ரேஷன் கார்டு உறையிலிருந்து ஃபாரத்தை எடுத்தேன். மடிப்பு நாலும் தெரிகிறது. தந்தை கையொப்பம் என்ற இடத்தில் போட்டேன். பெயரைப் பெரிசாக எழுதிவிட்டேன், கோட்டுக்கு வெளியே போய்விட்டது. இடம் கிடைத்தால் இந்தக் கை சும்மா இருக்காது.

மதியிடம் நீட்டினேன். வாங்கவில்லை. “நீதான் ஜெய்ச்ச.”

“ஜகா வாங்கிட்டேன்னு வெச்சுக்கோ. பிளாக் பூரா சொல்லிக்கோ.”

அவள் அழுதாள். கெங்கம்மா ஃபாரத்தைப் பிடுங்கி, ஈரம் படப்போகிறது என்று தூரமாக வைத்தாள்.

ஜூலை 4, வெள்ளி

சேர்த்துவிட்டு வந்தோம். தண்ணீர் தேனாக இருக்கிறது. இதை நான் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

புது சீசன், சொந்த மைதானத்தில் மூன்று ஆட்டம், மூன்றிலும் வெற்றி. அளவு கச்சிதம். ஜஹாங்கீர் வந்து பார்த்து, டிரெய்லரெல்லாம் ஒழுங்காக நிற்கிறது என்றான்.

மதி போன் செய்தாள். காலேஜில் வயல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் அரை மணி நேரமாம். அது எத்தனை கிரவுண்டு என்று கணக்குப் போட்டு ஆசீர்வாதம் அண்ணனிடம் சொல்லச் சொன்னாள். ரூமில் நாலு பேராம், ஆனால் ஆளுக்கு ஒரு மேசை.

சாயங்காலம் காற்றுக்காகக் கதவைத் தள்ளினேன். முழுசாகத் திறந்து சுவரில் போய் மோதியது. இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருஷம், அந்தச் சத்தத்தை இதுவரை கேட்டதில்லை. கெங்கம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

டாக்டர் சொன்னபடி நடந்து பழகினேன். அடுப்பிலிருந்து பீரோவைத் தாண்டி, மதியின் இரண்டடியும் சேர்த்து, கதவு வரைக்கும். இப்போது ஆறு எட்டு வருகிறது. இந்த வயசுக்கு, இந்தக் காலுக்கு, இது ரொம்பப் பெரிய மைதானம். போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்குகிறது.