மாப்பிள்ளை வண்டியின் முதல் ஆயிரம் கிலோமீட்டர்

பிப்ரவரி 10, 2019 – ஞாயிறு

கடை லீவு. திருப்பதி ஷோரூமுக்குப் போய் வண்டியை எடுத்து வந்தேன். இரட்டை சிலிண்டர், டூரிங் மாடல், கறுப்பு. புத்தூர் கடைத்தெருவில் வந்து இறங்கியபோது, எங்கள் உரக்கடைக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருப்பவர் எழுந்து நின்று கும்பிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றினேன். "நீதானா எத்திராஜி, நான் எவனோ ஆபீசர்னு பாத்தேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. இதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறேன். மாடல், கலர், எந்த ஷோரூம், சைடில் மாட்டும் பெட்டி என்ன கம்பெனி என்பதை மட்டும் சொன்னார்கள். மற்றதெல்லாம் எங்கள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளை யஸ்வந்த் இருப்பது டல்லாஸில். ஜூனில் கல்யாணத்துக்கு வந்து பதினைந்து நாள் இருப்பார். அதில் நாலு நாள் சிநேகிதர்களோடு இந்த வண்டியில் ஹார்ஸ்லி ஹில்ஸ் பக்கம் சுற்றுவார். பிறகு எங்கள் காவ்யாவை அழைத்துக்கொண்டு பிளேன் ஏறுவார். வண்டி அடுத்த லீவு வரை எங்கள் மாட்டுக்கொட்டகையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கும். ஊர் ஊராகச் சுற்றுவதற்கென்றே செய்த வண்டி.

அவர் காகிதங்களில் எல்லாம் டல்லாஸ் விலாசம். அதனால் ஆர்.சி. காவ்யா பெயரில். "அதெல்லாம் சும்மா பேருக்கு" என்றார் சம்பந்தி ரங்கையா.

பிப்ரவரி 12

டல்லாஸ் போன். புது இன்ஜினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டுமாம். ஆர்.பி.எம். நாலாயிரம் தாண்டக் கூடாது. தம்முடைய லீவை அதில் வீணாக்க முடியாது.

"நீங்களே ரன்னிங்-இன் முடிச்சு வெச்சிடுங்க மாமா. வேற யாரும் தொடக் கூடாது. மொதல்ல எந்தக் கை ஓட்டுதோ, இன்ஜின் அந்தக் கைக்குத்தான் செட் ஆவும்."

ஐம்பத்தேழு வயசில் எனக்குப் புது உத்தியோகம். சம்பளம் இல்லை, மேலதிகாரி அமெரிக்காவில்.

சிரிப்பு இருக்கட்டும். காவ்யாவுக்கு இருபத்தெட்டு ஆகிறது. ரெண்டு இடம் கூடி வந்து கலைந்தது. இதுவும் கலைந்தால் நான் எந்த முகத்தோடு கடையைத் திறப்பது? வண்டியைப் பழக்கச் சொன்னால் பழக்கிவிட்டுப் போகிறேன். அவளைத் தடா பக்கத்துப் போன் கம்பெனி வேலையை விடச் சொல்கிறார்கள். குவாலிட்டி செக்ஷனில் நல்ல பெயர் எடுத்தவள். அதற்கும் தலையாட்டிவிட்டேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏப்ரல் கடைசியில் ராஜினாமா எழுதிக் கொடுக்கிறாள்.

பிப்ரவரி 17 – ஞாயிறு

நியாயத்தைச் சொல்ல வேண்டும். வண்டி, வண்டிதான்.

என் பழைய ஒற்றை சிலிண்டரில் திருப்பதி போய் வந்தால் ராத்திரி சோற்றைப் பிசையும்போது விரல் எனக்குச் சொந்தமாக இருக்காது. கண்ணாடியில் பின்னால் வரும் லாரி சாமியாடும். இதில் அந்த லாரியின் நம்பரைப் படித்தேன். டிரைவர் பல் குத்துவதையும் பார்த்தேன்.

இன்ஜின் ஓடும்போது அதன் மேல் காசை நிறுத்தி வீடியோ அனுப்பச் சொன்னார் மாப்பிள்ளை. புத்தூரில் எந்தக் கடையிலும் வாங்காத பத்து ரூபாய்க் காசு ஒன்று இருந்தது. வைத்தேன். நின்றது. அந்தக் காசுக்கும் ஒரு மரியாதை கிடைத்தது.

பிப்ரவரி 24 – ஞாயிறு

மெதுவாக ஓட்ட ரோடு இல்லை. ஹைவேயில் நாலாயிரத்துக்குள் போனால் டிராக்டர்காரன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். ஒரு கரும்பு வண்டி ஹாரன் அடித்தது.

இன்று வழி கிடைத்தது. திருமலை மலைப்பாதை. மலையடிவாரம் அலிப்பிரியில் சீட்டில் மணி போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த நேரத்துக்கு முன்னால் மேலே போய்ச் சேர்ந்தால் அபராதம். பெருமாளே ரன்னிங்-இன் ரோடு போட்டு வைத்திருக்கிறார், டல்லாஸ்காரருக்குத்தான் தெரியவில்லை.

மேலே போய்க் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன். "தரிசனம் பண்ணாம வந்தா பாவம்" என்றாள் என் மனைவி கிருஷ்ணம்மா. உள்ளே போனால் ஜருகண்டி என்று தள்ளுவார்கள். நான் தள்ளாமலே நகர்ந்துவிட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்ச் 3

இடது கைப்பிடியில் ஒரு உறுத்தல். மெலிசாக, எறும்பு ஊர்கிற மாதிரி. மாப்பிள்ளையிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். போனைச் சைலன்சரிடம் பிடியுங்கள், இடது சிலிண்டரிடம் பிடியுங்கள், வலது பக்கம் பிடியுங்கள் என்று முக்கால் மணி நேரம். ஊர்ப் பிள்ளைகள், நான் வண்டிக்குப் போன் பேசக் கொடுக்கிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஷோரூம் மெக்கானிக் ரமணாவிடம் கொண்டுபோனேன். ரெண்டு டயலை மாட்டி, ரெண்டு முள்ளும் ஒரே இடத்தில் நிற்கும்வரை திருகினார். "ரெண்டு சிலிண்டரும் சமமா மூச்சு இழுக்கணும் சார். ஒண்ணு ஜாஸ்தி, ஒண்ணு கம்மின்னா கைல உறுத்தும்."

இவரையே கல்யாணத்துக்குப் புரோகிதராகக் கூப்பிடலாம்.

மார்ச் 17 – ஞாயிறு

பெட்ரோல் பங்கில் வண்டி நின்றபடி சாய்ந்தது. ஓடும்போது இல்லை, நிற்கும்போது. இருநூறு கிலோ. வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. கீழே நான் இருந்தேன்.

கணுக்காலில் எலும்பு விரிசல். கட்டுப் போட்டு, ஆறு வாரம் ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. வண்டி விழுந்தது என்று கேட்டால் கல்யாணமும் கூடவே விழுந்துவிடும்.

மார்ச் 22

ஆயிரத்தில் பாதி கூட ஆகவில்லை. ஜூனுக்குள் யார் ஓட்டுவது?

"நான் ஓட்றேன் நைனா" என்றாள் காவ்யா. காலேஜ் நாளிலிருந்து என் பழைய வண்டியை எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டிருந்தவள்தான். எனக்குத் தெரியாது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நிச்சயம் ஆன பெண், ஊர் என்ன பேசும் என்று கத்தினேன். "உன் சட்டையப் போட்டுக்கினு, உன் ஹெல்மெட்ட மாட்டிக்கினு போறேன். ஊரு உன்னத்தான் பேசும்" என்றாள்.

மார்ச் 31 – ஞாயிறு

என் கட்டம் போட்ட சட்டையில் மலைக்குப் போய் வந்தாள். வழியில் எலக்ஷன் செக்கிங். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, பின்னல் விழுந்ததைப் பார்த்து, கான்ஸ்டபிள் "சாரி மேடம்" என்றாராம். எனக்கு இதுவரை எந்தக் கான்ஸ்டபிளும் சாரி சொன்னதில்லை.

எதிர்க்கடைக்காரர் விசாரித்தார்: "கால் ஒடஞ்சிச்சின்னாங்க, காலைல பறந்துக்கினு போறியே." லீவு நாளில் என் கால் சரியாகிவிடும் என்றேன்.

ஏப்ரல் 7 – ஞாயிறு

காவ்யா ஓட்டிய சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் வாய்ஸ் மெசேஜ்.

"சூப்பர் மாமா. இப்பத்தான் உங்க கை வந்துருக்குது. முன்னாடி கியர் மாத்தற எடத்துல ஒரு இடி இருந்துச்சி. இப்ப வெண்ண மாதிரி போவுது. ஒங்கள மாதிரி ஓட்டறவங்கள நான் பாத்ததில்ல."

எனக்கு எரிந்தது. முன்னாடி இருந்த இடி என்னுடையது.

காவ்யா அந்த மெசேஜைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். சமையல்கட்டில் கேட்கிறது, மாடியில் கேட்கிறது. "வெண்ண மாதிரி, வெண்ண மாதிரி" என்று. நிச்சயம் ஆகி நாலு மாசம் ஆகிறது. அவர் அவளை மெச்சிப் பேசி நாங்கள் கேட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் என்னை என்று நினைத்து.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. வேப்பம்பூ பச்சடி. காலுக்கு இன்னும் ரெண்டு வாரம்.

ஏப்ரல் 21 – ஞாயிறு

ஆயிரம் முடிந்தது. காவ்யாவே சந்தோஷத்தில் மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். நான் கையைக் காட்டுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"அது நைனா இல்லீங்க, நான்தான். வெண்ண மாதிரின்னு சொன்னீங்களே, அது நான்தான்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பக்கம் என்ன பேச்சு என்று கேட்கவில்லை. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வந்தது. "இல்லீங்க… இல்லீங்க… சரிங்க." போனை என்னிடம் நீட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

வண்டி கெட்டுப்போச்சாம். லேடீஸ் கைக்கு செட் ஆன இன்ஜினைத் தான் எப்படி ஓட்டுவது, சிநேகிதர்கள் கேட்டால் சிரிக்க மாட்டார்களா என்கிறார். அன்னிக்கு வெண்ணெயா இருந்தது இன்னிக்கு என்னாடா ஆச்சி? அதே சத்தம்தானே? அதே ரெக்கார்ட்தானே? இதை எல்லாம் நான் கேட்கவில்லை. "சரிங்க மாப்ள" என்றேன். அப்பனும் மகளும் ஒரே வார்த்தை.

ஏப்ரல் 22

ரங்கையா போன். "எங்களுக்கு ஒண்ணும் வாணாம் சம்பந்தி. பையன் மனசு கஷ்டப்படுது. அந்த வண்டியக் கடைல தள்ளிட்டு, புதுசு ஒண்ணு எடுத்துருங்க. அப்புறம், பொண்ணுகிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க. அங்க வந்து இந்த மாரி ஆம்பள வேஷமெல்லாம் போடக் கூடாது."

சரி என்றேன். தூ, என் வாயில் சரியைத் தவிர வேறு ஏதாவது வருகிறதா?

ஏப்ரல் 24 – புதன்

வண்டியை மாற்றத் திருப்பதி போனோம். காவ்யா லீவு போட்டாள். ஓனர் கையெழுத்துப் போட அவள் வந்தாக வேண்டும். கட்டுப் போட்ட காலோடு நான் பின்னால் ஏறிக்கொண்டேன். நேற்று ஆட்டோவில் கடைக்குப் போனபோது ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

புத்தூர் தாண்டியது. வடமாலப்பேட்டை தாண்டியது. வலிக்கவில்லை. கியர் எப்போது மாற்றுகிறாள் என்று காலுக்குத் தெரியவே இல்லை. ரேணிகுண்டாவுக்கு இந்தப் பக்கம் ரோடு போடுகிறார்கள், அந்த ஜல்லியில் கூட. எனக்கு வலிக்கக் கூடாது என்று என் பெண் முப்பத்தைந்து கிலோமீட்டர் ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்து ஓட்டிக்கொண்டு போகிறாள். நான் அவள் பெயரில் இருக்கிற ஒன்றையும் பிடுங்கிக் கொடுக்கப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஷோரூமில் பேனாவை அவளிடம் கொடுத்தார்கள். எதற்கு மாற்றுகிறீர்கள், வண்டியில் என்ன குறை என்று மேனேஜர் கேட்டார். காவ்யா என்னைப் பார்த்தாள். அழவில்லை.

"போடட்டா நைனா?"

"வாணாம்."

"அப்ப கல்யாணம்?"

தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

"அதுவும்தான்" என்றேன்.

ஏப்ரல் 25

ரங்கையாவுக்குச் சொல்லிவிட்டேன். எதையுமே கேட்காதவர்கள் இன்று நிறையக் கேட்டார்கள்.

ஏப்ரல் 30

கம்பெனியில் காவ்யா எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. கிருஷ்ணம்மா என்னோடு பேசவில்லை. மகளோடு பேசுகிறாள்.

ஜூன் 12

கல்யாணத்துக்குக் குறித்திருந்த முகூர்த்த நாள். காவ்யா காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள், கம்பெனி பஸ்ஸில் இல்லை. எதிர்க்கடைக்காரர் "இன்னா எத்திராஜி, ஊர்ல தலைகாட்ட முடிதா?" என்றார். கட்டு பிரித்தாயிற்று, காலையே காட்டுகிறேன் என்றேன். ராத்திரி மட்டும் தூக்கம் இல்லை.

ஜூன் 23 – ஞாயிறு

மலைக்குப் போனோம். காவ்யா முன்னால், நான் பின்னால். அவள் சொந்தச் சட்டை. நாலாயிரம் கணக்கெல்லாம் தீர்ந்துவிட்டதால் வளைவு தாண்டியதும் முறுக்கினாள். மெதுவாம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றில் வாய் நிறைந்துவிட்டது, மூடிக்கொண்டேன். வண்டி மட்டும் அப்படியே இருந்தது, காசை வைத்தால் நிற்கும்.

மேலே சீட்டை வாங்கிப் பார்த்தவர் மணியைப் பார்த்தார். நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டோம், அபராதம். நான் ஓட்டிய இத்தனை ஞாயிற்றுக்கிழமையில் இது நடந்ததில்லை. பணத்தை நீட்டினேன்.

"பண்டி எவரு நடிபிந்தி?" வண்டி ஓட்டியது யார் என்று என்னை முறைத்தார்.

"மா அம்மாயி" என்றேன், எங்கள் பெண்தான் என்று. அவர் காதில் விழுந்துதான் இருக்கும். இன்னொரு தடவை சொன்னேன்.