வாசலில் 'பாடி' என்று கூப்பிட்டது குறித்து

அனுப்புநர்:
துப்புரவுப் பணியாளர், பணி எண் 41,
பிணவறைப் பிரிவு, பகல் முறை.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: இறந்தவர்களை 'பாடி' என்று கூவுவதை நிறுத்தக் கோருதல் – என் மேலேயே புகார் கொடுத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஐந்தாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. பதினோரு வருடமாக இந்த வாசலில் வேலை. தரை கழுவுவேன், வண்டி தள்ளுவேன், சீட்டைப் பார்த்து ஆட்களைக் கூப்பிடுவேன். "மூணாம் நம்பர் பாடி யாருதும்மா? சீக்கிரம் வந்து கையெழுத்துப் போடு" என்பேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேலையோடு வந்த பேச்சு.

2. அந்த வார்த்தை எங்கள் வீட்டிலும் புழங்கியது. என் வீட்டுக்காரர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். "இன்னிக்கு ரெண்டு பாடி முடிச்சோம்" என்பார். "எனக்கு அஞ்சு" என்பேன். சிரிப்போம். டாக்டர்கள் வாய் குவித்து, பொடி என்பதுபோல் சுருக்கிச் சொல்வார்கள். நாங்கள் வாசல் வரை கேட்க நீட்டுவோம். பதிவேட்டில் எழுத்துக் கூட்டி வாசித்தால் யாரோ பாட்டுப் பாடியதுபோல் இருக்கும். துணிக்கடையில் உள்ளே போடும் பாடி கேட்கும்போது மட்டும் குரலைத் தணித்துக்கொள்வேன். செத்தவர்களைச் சொல்லும்போது ஒரு நாளும் தணித்ததில்லை.

3. சென்ற மாதம் 9-ஆம் தேதி, லாரி மேல் நின்று தகடு பொருத்தும்போது அவர் தவறி விழுந்து இறந்தார். இதே வாசலுக்குத்தான் கொண்டுவந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்ததும் காதைப் பொத்திக்கொண்டேன். அந்த வார்த்தை வரவில்லை. என்னோடு வண்டி தள்ளும் தம்பி கிட்டே வந்து குனிந்து, "அக்கா, அண்ணனைப் பாக்கலாம், வாங்க" என்றார்.

4. பக்கத்தில், அம்மாவைப் பறிகொடுத்த ஒரு பெண் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். அதே தம்பி நிமிர்ந்து, அதே வாயால், "ஏழாம் நம்பர் பாடி" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. எழுந்து என் ஆளிடம் போய்விட்டேன். உள்ளே அவர் முகத்தைத் துடைத்து, தலையை நேராக வைத்திருந்தார்கள். அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மரியாதையாகச் சொல்ல எங்களுக்குத் தெரியாமல் இல்லை, ஐயா. தெரிந்துதான் அதை எங்கள் ஆட்களுக்கு என்று எடுத்து வைத்திருந்தோம்.

5. தம்பி மேல் நடவடிக்கை வேண்டாம். அவரை வேலைக்குப் பழக்கியவள் நான்.

6. சீட்டில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் உண்டு. நாங்கள் அதைப் படிப்பதே இல்லை. அதைப் படித்துவிட்டு, உறவு சொல்லிக் கூப்பிட உத்தரவு போடவும். வேலைக்குத் திரும்பியதிலிருந்து நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன். முதல் நாள் ஒரு பெரியவர் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அவர் காத்திருந்தது வேறு வார்த்தைக்கு. கிட்டப் போய், "ஐயா, உங்க மகளைப் பாக்கலாம்" என்று மறுபடி சொன்னேன். எனக்கு வாய் குழறியது.

7. அந்தப் பெண்ணின் முகவரி பதிவேட்டில் இருக்கும். எடுத்துப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. அலுவலகத்திலிருந்து மன்னிப்புக் கேட்டு அவளுக்கு ஒரு கடிதம் அனுப்பவும். கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன். அதில் ஏழாம் நம்பர் என்று வேண்டாம். 'உங்கள் தாயார்' என்று எழுதச் சொல்லவும்.

இடம்: பிணவறை முன்கூடம்
தேதி: வேலைக்குத் திரும்பிய நான்காம் நாள்

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பணி எண் 41