திரை தானாகத்தான் கறுத்தது

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன், தூக்கம்தான் கொஞ்சம் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் "எப்பதான்டா வருவே?" என்று நீங்கள் கேட்டதும் திரை கறுத்துப்போனதே, நான் கோபத்தில் கட் பண்ணிவிட்டேன் என்று நினைத்தீர்களாம். அது தானாகத்தான் கறுத்தது என்று அம்மாவிடம் போனில் சொன்னேன், அதையும் நீங்கள் நம்பவில்லையாம். குழாய் ரிப்பேர்காரரிடம்கூட எழுதி வாங்குகிற ஆள் நீங்கள். இதோ, எழுதியே தருகிறேன்.

இந்தக் கிழட்டு லேப்டாப்புக்கு அன்று காலையில்தான் அப்டேட் போட்டேன். கூடவே வந்த புது கிராபிக்ஸ் டிரைவர், அதாவது திரையில் படம் காட்டுகிற மென்பொருள், இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீடியோ ஓடினாலே படுத்துவிடும். வேலை முடிந்து வந்து மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் அவசியமானது மட்டும் ஓடுகிற சேஃப் மோடில் திறந்து, புதியதைத் தூக்கிவிட்டுப் பழைய டிரைவரையே போட்டதும் சரியாகிவிட்டது.

இந்த வாரம் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் உங்கள் முகமே தெரிவதில்லை.

இன்னொன்றையும் எழுதியே தந்துவிடுகிறேன். திரை கறுத்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான் அப்பா. இந்த வருஷமும் லீவு இல்லை என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் தப்பித்தேன்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்