கொடுமுடிக் கிளை

அம்மாவுக்கு லோகப்பிரியாவின் வணக்கம். புனேயில் சுகமாயிருக்கிறேன். முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு ஓட்டல் கம்பெனிக்கு வருடாவருடம் எத்தனை கிளைகள் கூடின என்று கணக்கெடுக்கிறோம். ஒவ்வொரு கிளைக்கும் போன் செய்து, எடுப்பவர் கடை இருக்கிறது என்று சொன்னால் 'திறந்திருக்கிறது' என்று குறிக்க வேண்டும். நேற்று பட்டியலில் மிதுன் அண்ணன் நடத்திய கொடுமுடிக் கிளை வந்தது. அவன் இறந்து, கடையை மூடி இரண்டு வருடமாகிறதே, கடை போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும் என்றுதான் அடித்தேன்.

நீங்கள் எடுத்தீர்கள்.

"கடை இருக்குதுங்க. மிதுன் சந்தைக்குப் போயிருக்கானுங்க, இப்ப வந்துருவான்."

என் குரல் உங்களுக்குத் தெரியவில்லை. "சரிங்க" என்று வைத்துவிட்டேன். திறந்திருக்கிறது என்றே குறித்தேன்.

குளிர்கிறது, அண்ணனின் போர்வையை அனுப்புங்கள். ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. அந்த போனைச் சார்ஜ் போட்டே வையுங்கள் அம்மா, அடுத்த வருடமும் நான்தான் கூப்பிடுவேன்.