நல்ல ரிசல்ட்டை யார் மறுபடி பார்ப்பது

நேற்று விழுப்புரம் ஸ்டேஷனில் பிளாட்பாரத்தை பினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி எனக்கு எப்போதும் நம் லேபின் நெடிதான். சளி தடவிய கண்ணாடித் துண்டில் சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் நெருப்பு காட்டும்போது இதே போலத்தான் மூக்கில் ஏறும். ரயில் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

1993-இல் திண்டிவனத்து ஆஸ்பத்திரி லேபில் நாம் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்தோம். காலையில் விழுப்புரத்தில் ஏறினால் திண்டிவனம் வரும்வரை நீ யாருடனாவது வாதம் செய்துகொண்டே வருவாய். லேடீஸ் பெட்டியில் கொய்யாப்பழம் விற்கும் அம்மா ஒருநாள் அலுத்துக்கொண்டார். "செவ்வாக்கெழம ஆனா போதும், இந்த வண்டி லேட்டுதாம்மா. பெரிய பேஜாரு." பெட்டியே ஆமாம் போட்டது. நீ மட்டும் கேட்டாய்: "கரெக்ட் டயத்துக்கு வந்த செவ்வாக்கெழமைய யாருங்க ஞாபகம் வச்சிக்கினு இருக்கீங்க?" அந்த அம்மா உன்னை ஒரு முறை முறைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு பல நாள் உனக்கு மட்டும் காய் கொய்யாதான் கிடைத்தது.

இன்னொரு நாள் குழந்தைக்குக் காய்ச்சலில் தலைக்கு ஊற்றலாமா கூடாதா என்று பெரிய சண்டை. ஒருத்தி, "இவ ஒலக்கூர்க்காரி, இவளுக்கு இன்னா தெரியும்" என்றாள். நீ குறுக்கே புகுந்தாய். "ஊர வுடு. அவ சொன்னது தப்புன்னா எங்க தப்புன்னு சொல்லு." அந்த ஒலக்கூர்க்காரி சொன்னதை நீயும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் சொன்னதோடுதான் சண்டை போடலாம், அவளோடு கூடாது என்பது உன் கட்சி. எனக்கு அப்போது தூக்கம்தான் முக்கியமாக இருந்தது.

நம் லேபில் ஒரு வழக்கம் இருந்தது. டி.பி. கிருமி இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், இன்னொருவர் அந்தக் கண்ணாடியை மறுபடி பார்த்த பிறகுதான் எழுதுவோம். இல்லை என்றால் நேராக எழுதிவிடுவோம். நமக்கு முன்பிருந்தவர்கள் சொல்லிக்கொடுத்தது அது. ஒரு குடும்பத்துக்கு டி.பி. என்று சொல்வது சின்ன விஷயமா, தவறாகச் சொல்லிவிடக்கூடாதே என்ற நியாயம்தான். சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே அதில் ஓட்டை இருப்பதை நீ பிடித்துவிட்டாய்.

"கெட்ட ரிசல்ட்டுன்னா ரெண்டு பேர் பாக்கறோம். நல்லதுன்னா ஒருத்தர் பாத்தா போதுமா? நல்லதுல தப்பே வராதா?"

"உனக்கு வேற வேலையே இல்லியா?" என்றேன்.

"இல்லன்னு எழுதி அனுப்பறோமே, அந்தாளு வூட்டுக்குப் போய் இருமிக்கினு இருப்பானே."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், இல்லை என்று எழுதிய கண்ணாடிகளில் சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து என் பக்கம் தள்ளுவாய். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் நான் உன்னைத் திட்டாத நாள் கிடையாது. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எப்போதாவது ஒன்று மாட்டும். அப்போதும் நீ ஒரு வார்த்தை ஜம்பமாகப் பேசமாட்டாய், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பிறகு உன் வீட்டுக்காரர் இருமத் தொடங்கினார். கொத்தனார் வேலை, சிமெண்ட் தூசிதான் காரணம் என்று நீயே சொல்லிக்கொண்டிருந்தாய். உடம்பு இளைத்ததற்கு வெயில் காரணம். ராத்திரிக் காய்ச்சலுக்கு மழையில் நனைந்தது காரணம். ஒருநாள் அவருடைய சளியைக் கொண்டுவந்து நீயே சாயம் போட்டு, நீயே பார்த்து, "ஒண்ணும் இல்லடி, தூசிதான்" என்று சிரித்தாய். உன் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சாயங்காலம் என் பக்கம் தள்ளிய கண்ணாடிகளில் அவருடையது இல்லை.

"அண்ணனோட ஸ்லைடக் குடு, ஒரு தடவ பாக்கறேன்" என்றேன்.

"அதான் நான் பாத்துட்டேன் இல்ல? இந்த மூலைலேர்ந்து அந்த மூலை வரைக்கும் பாத்தேன்."

"வேற யாருதாவது இருந்தா குடுத்திருப்ப இல்ல?"

"என் மேல உனக்கு நம்பிக்க இல்லியா?"

உன் வாயிலிருந்து அந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "உன்னப் பத்தி யாருடி பேசினாங்க? அந்தக் கண்ணாடியப் பத்திப் பேசறேன்" என்றேன். நீ கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனாய். நான் பார்த்தேன். சளி கெட்டியாக இருந்த ஓரத்தில், நீலச் சாயத்துக்கு நடுவே மெல்லிய சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள் கிடந்தன.

உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சாயத் துகளா இருக்கும்" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணாடி சரியா கழுவாம இருந்திருக்கும்" என்றாய். நான் புதிதாகச் சளி எடுத்துவரச் சொன்னேன். மறுநாள் நான் அதைப் பார்த்தபோது, நீ மைக்ராஸ்கோப் பக்கமே வராமல் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சொல்வதற்கு முன்பே உனக்குப் புரிந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாய். "எம் பொண்ணு தெனமும் அவரு நெஞ்சு மேல படுத்துக்கினுதான்டி தூங்குது."

குழந்தைக்கு ஒன்றும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள நாம் செய்யச் சொன்ன சோதனைகளை எண்ணி டாக்டரே சலித்துக்கொண்டார். உன் வீட்டுக்காரர் மாத்திரைகளை விடாமல் சாப்பிட்டுத் தேறினார். பழையபடி சாரத்தில் ஏறினார்.

நீ என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை. பேசியபோது ரயிலில், மயிலம் தாண்டி, திடீரென்று சொன்னாய். "நான் பொய் சொல்லலடி. நெஜமாவே அன்னிக்கு என் கண்ணுக்குத் தெரியல." எனக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. "நாம ஆசப்படறது நமக்கு எதிர்ல வந்து குந்திக்குது போல. அதத் தாண்டிப் பாக்க இன்னொரு ஆளு வேணும்." அவ்வளவுதான், பிறகு நீ வழக்கம்போல யாருடனோ வாதத்துக்குப் போய்விட்டாய். பல வருஷம் கழித்து என் மகளின் கல்லூரிப் புத்தகத்தில் இதற்கு 'உறுதிப்படுத்தல் சாய்வு' என்று பெயர் போட்டிருந்தது. நம்ப விரும்புவதற்கு ஆதாரத்தைச் சேர்ப்பதும், மற்றதைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் என்று விளக்கம். சரியான விளக்கம்தான். அதில் சிமெண்ட் தூசி இல்லை, அவ்வளவுதான்.

இப்போது நான் விழுப்புரத்தில் ஒரு லேபில் இருக்கிறேன். நல்ல ரிசல்ட்டுகளில் சிலவற்றை எடுத்து மறுபடி போடச் சொல்கிறேன். கூட வேலை செய்கிற பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுகிறார்கள் என்று தெரியும், நான் உன்னைப் பற்றிப் பேசியதுதான். என் மகளுக்கு வரன் வந்து எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போனபோதும், அந்த மாப்பிள்ளையைப் பிடிக்காத ஒருவரை வெளியே தேடிப் போய் ஏன் என்று கேட்டேன். வீட்டில் என்னைப் பைத்தியம் என்றார்கள்.

உனக்கு நெஞ்சு வலி என்று போன் வந்து நான் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் வீட்டுக்காரர் வார்டு வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரு சொல்லிட்டாரும்மா. நான் ஒத்துக்கல. இன்னொரு தடவ பாருங்க சார்னு சொன்னேன். அவரும் பாத்தாரு. நீ ஒருவாட்டி பாரும்மா."

கெட்ட செய்தியை மட்டும்தான் மனிதர்கள் மறுபடி பார்க்கச் சொல்வார்கள் என்று நீ சண்டை போட்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. உள்ளே போய் உன் மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைத் தேடிக்கொண்டு, நர்ஸ் வந்து என்னை எழுந்திருக்கச் சொல்லும்வரை உட்கார்ந்திருந்தேன்.