பாஸ்போட் என்றொரு சொல்

செவ்வாய், போயா பௌர்ணமி விடுமுறைக்கு மறுநாள்.

பிலிமத்தலாவைத் தளபாடக் கடைக்காரர் காலையில் மறுபடியும் போன் எடுத்தார். "மூலையில சின்னதா ஒரு விளம்பரம் போட்டா போதும் மிஸ்" என்றார். என் வலைப்பூவில் விளம்பரமே கிடையாது என்று சொல்லி வைத்துவிட்டேன். பகல் முழுக்க அந்தப் பெருமையிலேயே இருந்தேன்.

மாலையில் தங்கை வேலை முடிந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, அந்தப் பதிவ எடுத்துருங்க."

பல்லேகலயில் அவள் வேலை செய்யும் தையல் தொழிற்சாலையைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். தொழிற்சாலையின் பெயரும் இல்லை, அவள் பெயரும் இல்லை. ஆனால், கழிவறைக்குப் போக அவர்களுடைய தையல் மெஷின் வரிசைக்கே ஒரே ஒரு அட்டைதான். அதைப் பெண்கள் 'பாஸ்போட்' என்பார்கள். சொல் பிடித்துப்போய் அப்படியே எழுதிவிட்டேன். அவளுடைய வரிசையைத் தவிர வேறெங்கும் யாரும் அப்படிச் சொல்வதில்லையாம்.

"சூப்பவைசர் இன்னைக்கு வந்து, ஒங்க அக்கா நல்லா எழுதுறாங்களேன்னு சிரிச்சாரு. அவ்வளவுதான் சொன்னாரு."

அவள் எதிரிலேயே பதிவை நீக்கினேன். அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றினாள்.

கடைக்காரராவது கேட்டுவிட்டுத்தான் மூலையில் இடம் பிடிக்கப் பார்த்தார். நான் தங்கையிடம் கேட்காமலே அவர்கள் சொல்லை எடுத்துப் போட்டிருந்தேன்.

வலைப்பூவின் முகப்பில் நான்கு வருடமாக இருப்பது இதுதான்: 'இங்கே விளம்பரம் இல்லை. யாருக்கும் பயந்து எழுதுவதில்லை.' சற்றுமுன் இரண்டாவது வாக்கியத்தை அழித்தேன். முதலாவது இன்னமும் உண்மைதான். அதை வாசிக்கத்தான் கூச்சமாக இருக்கிறது.