நீ பார்க்காத முன்பக்கம்

இன்று காலை வேட்டியை அலசிக் கொடியில் போட்டேன். வெயில் அந்தப் பக்கம் இருந்தது. துணிக்குப் பின்னால் ஒரு காக்கை வந்து இறங்கியது. ஈரத்துணியில் அதன் நிழல் மட்டும் தலையை ஆட்டி ஆட்டி நடந்தது. "ஏய், இங்க வந்து பாருடி" என்று சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன். உன் வீட்டில் வேறு ஆள் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நீ எழுத்தே அறியாதவள். உனக்கு மடல் எழுதி என்ன ஆகப்போகிறது என்று என் வீட்டுக்காரர் கேட்பார். கேட்கட்டும். உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். உன் பையன் ஒன்றரை வயதில் காய்ச்சலில் போனான். அதற்கு முந்தின வாரம் அவன் இடது கையால் சோற்றை அள்ளினான் என்று நீ அந்தக் கையில் ஒன்று போட்டாய். வலிக்கிற அடி இல்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் அவன் போன பிறகு உனக்கு அந்த ஓர் அடிதான் மிச்சமாக இருந்தது. பேச்சு நின்றுபோயிற்று. அடுப்பு மூட்டுவாய், அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

அப்போதுதான் திடலில் கூடாரம் போட்டார்கள். மாட்டுவண்டியில் தம்பட்டம் அடித்துக்கொண்டு வந்தார்கள். மூன்று நாள் பொம்மைப் பட விழாவாம், ஆள் நடிக்கிற படமே கிடையாதாம், எல்லாம் கையால் வரைந்ததாம். உன்னை இழுத்துக்கொண்டு போனேன். குறைந்த காசு கொடுக்கிற நம்மைப் போன்றவர்களுக்குத் திரைக்குப் பின்னால்தான் இடம். படம் இந்தப் பக்கமும் தெரிய வேண்டும் என்று திரைத்துணி முழுவதையும் தண்ணீரால் நனைத்திருந்தார்கள். நம் கால் எல்லாம் சேறு.

ஒரு குண்டுக் கரடி வந்தது. மலையிலிருந்து விழுந்து அப்பளமாகி, உதறிக்கொண்டு எழுந்தது. கூடாரமே சிரித்தது, நீ சிரிக்கவில்லை. பிறகு அது சப்பணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டது.

"பீச்சாங்கையால திங்குது பாருடி" என்றாய். ஐந்து மாதத்தில் நீயாகப் பேசிய முதல் பேச்சு.

"பெத்தவ சொல்லிக் குடுக்கல போல" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நீ சிரித்தாய். தோள் குலுங்கச் சிரித்தாய். அப்படியே அது அழுகையாக மாறியது. "அடிக்காம விட்டிருக்கா பாரு. அவ நல்லவ" என்றாய்.

மறுநாளும் போனோம். கச்சான் கடலை விற்கிறவர் நம் பேச்சைக் கேட்டுவிட்டார். "அக்கா, நீங்க பின்னாடி இருந்து பாக்குறீங்க, அதான் மாறித் தெரியுது. முன்னாடி போய்ப் பாருங்க லா. அது சோத்துக்கையாலதான் சாப்பிடுது."

படம் முடிந்து வீட்டுக்கு நடந்தோம். வாசலுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நாளைக்கு முன்னாடி உக்காந்து பாப்போமா? ஒரே ஒரு தடவ. அது சரியா சாப்பிடுறத நான் பாக்கணும்."

"பாப்போம்" என்றேன்.

மூன்றாம் நாள் காலை பைப்படியில் குடத்தோடு நின்றேன். கடைசி வீட்டுக்காரி என்னைப் பார்த்து ஆரம்பித்தாள். "புள்ளயப் பொதச்சு வருஷம் திரும்பல. அவளுக்குத்தான் புத்தி கலங்கிருச்சு, உனக்கு என்ன கேடு? கூத்து பாக்கக் கூட்டிட்டுப் போறியாமே. முன்வரிசையில பெஞ்சு போட்டு வெச்சிருக்காங்களாம், போ, போய் ஊருக்கே மூஞ்சியக் காட்டு."

நாலு பேர் சிரித்தார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். துக்க வீட்டுக்காரி ஒரு வருஷம் கோயில் திருவிழாவுக்கே போகக்கூடாது என்பது எனக்கு மட்டும் தெரியாதா? தெரிந்துதான் கூட்டிப் போனேன். பின்பக்கத்து இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் போனேன். முன்பக்கம் என்றதும் அந்தத் தைரியம் போய்விட்டது.

சாயங்காலம் நீ வந்தாய். குளித்துத் தலை சீவி, பச்சைச் சேலை கட்டியிருந்தாய். நான் பாயில் படுத்திருந்தேன்.

"என்னடி?"

"மண்டையப் பொளக்குது. தலவலி. என்னால முடியாது."

தனியாகப் போகிறேன் என்றும் நீ சொல்லவில்லை, எழுந்து வா என்றும் சொல்லவில்லை. திடலில் தம்பட்டம் அடிக்கிற சத்தம் நம் இரண்டு பேருக்கும் கேட்டது. "சரி, படு" என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாய். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு என் அடுப்படிக்குப் போனாய். மிளகு தட்டி ரசம் வைத்தாய். கட்டியிருந்த சேலையில் கரி பட்டது. சூடு ஆற்றி, கிண்ணத்தைக் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய்.

"இப்ப எப்படி இருக்கு?"

"கொஞ்சம் தேவல."

மறுநாள் கூடாரத்தைப் பிரித்துக் கிள்ளான் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு மாதத்தில் உனக்கும் அதே காய்ச்சல் வந்தது. பதினொரு நாள், நீ கண்ணை மூடும் வரை, உன் தலைமாட்டில் இருந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட நினைத்தேன். நீ என்னைப் பார்த்து, "ராத்திரி எல்லாம் முழிக்காதடி, உனக்குத் தலவலி வந்துரும்" என்றாய். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வேன்?

எனக்கு அன்று தலைவலி இல்லை, புள்ள. பயம்தான்.

தலைவலி இப்போது நிஜமாகவே வருகிறது, அழுத நாளிலெல்லாம். இவரிடம் சொல்வதில்லை. யாராவது எழுந்து எனக்காக அடுப்பு மூட்டிவிடுவார்களோ என்று, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கிறேன்.